முழங்கை அளவு

“இந்த வீட்டுல ஒரு கதவும் கையால திறக்காது. தோள் குடுத்தாத்தான் திறக்கும். ஆம்பளைங்க தோளுக்குன்னே பண்ணி வச்சிருக்கான் பாரு.”

என் ஓர்ப்படி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, தினமும் காலையில் குளியலறைக் கதவை இடித்துக்கொண்டே இதைச் சொல்வாள். அவர்கள் மாடி, நாங்கள் கீழே. அவள் மேலே இடித்தால் கீழே என் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். அவள் கணவர் பேப்பரை இறக்காமல், “ஞாயித்துக்கிழமை பாக்கலாம்” என்பார். அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமையை எந்தக் காலண்டரிலும் அச்சடிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு அவள் உள்ளேயே மாட்டிக்கொண்டாள். அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் மேலே ஓடிப் போய் இந்தப் பக்கமிருந்து தள்ளினேன்.

“தள்ளாத. என் மூக்கு இங்கதான் இருக்கு,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“அப்ப என்னக்கா பண்றது?”

“நீ ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும்.”

உதவி செய்யப் போனவளுக்குக் கிடைத்த மரியாதை இது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நகவெட்டியின் முனையால் கீல் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மத்தியானத்துக்கு மேல் கதவு அப்படியே சரிந்தது. அதை மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை மாட்ட ஆள் கூப்பிடுகிறேன் என்றார் அவள் கணவர். கதவு இருந்த இடத்தில் ஒரு பழைய போர்வை தொங்கியது. அது கந்தலாகும்வரை ஆள் வரவில்லை. அதற்கப்புறம் கதவை ஆட்டோவின் தலையில் கட்டி, மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள்.

அந்தக் கொட்டகையில் ஞாயிறுதோறும் சில பெண்கள் கூடுவார்கள். புருஷன் இல்லாதவர்கள், இருந்தும் பிரயோசனம் இல்லாதவர்கள் ஆகியோரின் வீடுகளில் ஒழுகும் கூரை, உடைந்த படி, ஆடும் கம்பி இவற்றைச் சரிசெய்து தருவார்கள். சிமெண்டும் மணலும் வீட்டுக்காரருடையது, உழைப்பு இவர்களுடையது. தலைமை தாங்குகிறவள் பிளம்பரம்மா. பிளம்பரான கணவனோடு உதவிக்குப் போய் வேலை கற்றவள். அவன் ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிட்டான். கருவிப் பையை மறந்து விட்டுப் போனான், அதைத் தூக்கி இவள் தோளில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் தெரு மேஸ்திரி இவர்களுக்கு ‘சுத்தியல் சங்கம்’ என்று பெயர் வைத்தார். கேலிக்குத்தான். இவர்கள் அதையே பலகையில் எழுதிக் கொட்டகை வாசலில் மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை.

அங்கே என் ஓர்ப்படி கதவை இறக்கியதும் பிளம்பரம்மா மரம் சீவுகிற இழைப்புளி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாளாம்.

“நாங்க பண்ணித் தரமாட்டோம். நீ இழை. தப்பு பண்ணினா சொல்றோம்.”

சாயங்காலம் கையெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்து தானே கதவை மாட்டினாள். அது ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. வேறொருத்தியாக இருந்தால் அதோடு நிம்மதியாக இருந்திருப்பாள். இவள் அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும் போனாள்.

“வீட்டுல பாத்திரம் கழுவ ஆளில்ல, ஊருக்குக் கொத்து வேலை செய்யப் போறா,” என்றார் அவள் கணவர், எனக்குக் கேட்கிற மாதிரி.

“பாத்திரம் எங்க இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு? பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.”

பழகுவதற்கு இனிமையானவள் என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள். கைப்பையில் சீப்பு இருக்காது, ரசமட்டம் இருக்கும். நடுவில் ஒரு குமிழி ஓடுமே, கொத்தனார்கள் சுவர் சாய்கிறதா என்று பார்ப்பது, அதுதான். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் மேசைமேல் அதை வைத்துப் பார்ப்பாள். “சாயுது” என்பாள். காபி கொடுத்தவர்கள் முகம் சுண்டிப்போகும். கொட்டகையில் அவளுக்கு ரசமட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அதனால்தான் முழங்கை அளக்கும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள்.

இது பிளம்பரம்மாவின் கட்டளை. எல்லா வீட்டிலும் சமையல் மேடை மேஸ்திரியின் கைக்கு வாகான உயரத்தில்தான் இருக்கிறது, அவர் ஒருநாளும் அதில் சமைக்கப் போவதில்லை என்பாள். குட்டையானவள் தோளைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலியில் சாகிறாள். நெட்டையானவள் குனிந்து குனிந்து முதுகை ஒடித்துக்கொள்கிறாள். ஆகவே சுத்தியல் சங்கம் மேடை கட்டினால் முதலில் சமைக்கிறவளைச் செருப்பில்லாமல் நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை எவ்வளவு என்று எடுப்பார்கள். அதிலிருந்து ஓர் உள்ளங்கை அகலம் கீழே மேடை. டேப் பிடித்தால் என் ஓர்ப்படியின் கை நடுங்காது. நிற்கிறவள் மூச்சுவிட்டால்கூட மறுபடியும் அளப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் சாப்பாட்டம்மா வீட்டில் கோட்டைவிட்டாள்.

சாப்பாட்டம்மா எங்கள் அடுத்த தெரு. கணவர் போன பிறகு மோட்டார் பட்டறை ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து அனுப்பித்தான் மகனை ஆளாக்கினாள். மகன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை. ஆள் உயரம் என்றால், பெரிய குண்டானுக்குப் பின்னால் நின்றால் குண்டான் தானாகப் பேசுவது போலிருக்கும். மருமகளோ நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். சாப்பாட்டம்மா கண் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, விரிசல் விட்ட பழைய சமையல் மேடையை இடித்துப் புதிதாகக் கட்டி அம்மாவை அசத்தலாம் என்று மகன் நினைத்தான். நல்ல எண்ணம்தான். சுத்தியல் சங்கத்தைக் கூப்பிட்டான்.

என் ஓர்ப்படி டேப்பை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்று கேட்டாள். “இங்க யாரு சமைக்கிறது?”

“நான்தான்,” என்றாள் மருமகள்.

பொய் இல்லை. மாமியார் இல்லாத நாட்களில் பட்டறைக்குச் சாப்பாடு அவள்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ரசமட்டம் அவள் முழங்கையை அளந்தது. மகன் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். அந்த உயரத்துக்கே செங்கல் வைத்து, மேலே கல் பலகை போட்டு, பளபளவென்று முடித்துவிட்டார்கள்.

சாப்பாட்டம்மா திரும்பி வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சிமெண்ட் கலக்க என் வாளியை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போயிருந்தாள் என் ஓர்ப்படி. அதை மீட்கப் போனேன். அவளும் பிளம்பரம்மாவும் கடைசியாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கறுப்புக் கண்ணாடியோடு அம்மா உள்ளே வந்தாள். அடுப்பங்கரைக்குப் போக அவளுக்குக் கண் எதற்கு? நேரே நடந்து போய் வழக்கம்போலக் கைப்பையை மேடைமேல் வைக்கப் போனாள். பை செங்கல் சுவரில் இடித்துக் கீழே விழுந்தது. கையால் தடவிப் பார்த்தாள். கல்லின் விளிம்பு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

“நான் குறுகிட்டேனா?” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கு அந்தக் குரல்தான் பிடிக்கவில்லை.

பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

“கழட்டக் கூடாதும்மா, டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றான் மகன்.

“டாக்டரைக் கூப்பிடு, வந்து இந்த மேடையைப் பாக்கட்டும். யாரு அளந்தது?”

“நான்தான்,” என்றாள் என் ஓர்ப்படி. “யாரு சமைக்கிறதுன்னு கேட்டேன். இவங்க சொன்னாங்க. அளந்தேன்.”

“என் அடுப்பங்கரையில வந்து நின்னு என்னை விட்டுட்டு இன்னொருத்தியை அளந்திருக்க.”

“நீங்க வீட்டுல இல்ல.”

“செத்தா போயிட்டேன்? கண்ணுதான ஆபரேஷன்?” மருமகள் பக்கம் திரும்பினாள். “நான் எப்ப போவேன்னு பாத்துட்டு இருந்தியா?”

மகன் குனிந்து, கீழே விழுந்த பையை எடுத்தான். வாசலில் மேஸ்திரி. அவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. “ஒரு ஏணியும் சேத்துக் குடுத்துடுங்கம்மா,” என்றார். “ஏறி நின்னு கிண்டட்டும்.”

பிளம்பரம்மா அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். என் ஓர்ப்படி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். என் வாளியை எடுத்துவரவும் இல்லை.

மேடையை இறக்கித் தரச் சொன்னாள் சாப்பாட்டம்மா. இறக்கினால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள் மருமகள். மகன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, அடுப்புக்கு முன்னால் தரையில் ஒரு தடிப்பலகையைப் போட்டான். அம்மா அதில் ஏறி நின்று சமைக்க வேண்டுமாம். அவளும் ஏறினாள், வேறு வழி? பட்டறைச் சாப்பாடு நிற்கக் கூடாதே.

ஒருநாள் குண்டானைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தாள். பின்னால் பலகை இல்லை. கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டிவிட்டது. அன்றைக்குச் சாப்பாடு போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மருமகள் அடுப்புப் பக்கம் போனால் படுத்த இடத்திலிருந்து கிழவி போட்ட கூச்சலில் அவளும் கரண்டியைப் போட்டுவிட்டாள். பட்டறை முதலாளி ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை சாப்பாடு வராவிட்டால் வேறு இடத்தில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அத்தனை வருஷத்து அடுப்பு அணைந்துபோக இருந்தது.

பலகை விஷயம் என் ஓர்ப்படிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நேரே கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், என் வாளியைப் பிளம்பரம்மா அங்கே கொண்டுவந்திருப்பாள் என்று.

“மேடையை இறக்கணும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க,” என்றாள்.

“மருமக வேண்டாங்கிறா,” என்றாள் பிளம்பரம்மா. “குடும்பச் சண்டைக்குள்ள நாம சுத்தியலை எடுத்துட்டுப் போகக் கூடாது.”

“சண்டையைக் கட்டினதே நாமதான்.”

“நீ கேட்டுத்தான அளந்த?”

“ஒருத்தியைக் கேட்டேன்.”

பிளம்பரம்மா கொஞ்ச நேரம் குழாய்த் துண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “மருமக சரின்னு சொன்னா நாங்க வர்றோம். சொல்லவைக்கிறது உன் பாடு,” என்றாள்.

போகும் வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். “அக்கா, தன்மையா பேசுங்க. ‘தப்பாயிடுச்சு’ன்னு ஆரம்பிங்க.” காதில் வாங்கினால்தானே.

மருமகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். “மேடை மேல கை வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“போறதுன்னா கல்லைத் தூக்கிக் குடுத்துட்டுப் போ. நாலு ஆளு வேணும்,” என்றாள் என் ஓர்ப்படி.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மருமகளுக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது.

“உங்களுக்கு என்ன தெரியும்? கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த அடுப்பங்கரையில நிக்கிறேன். நறுக்கறது நான், அரைக்கிறது நான், அத்தனை கேரியரும் கழுவறது நான். பேரு அவங்களுக்கு. யாரு சமைக்கிறதுன்னு இதுவரைக்கும் என்னை ஒருத்தர் கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க. நான்தான்னு சொன்னேன். அதுவும் தப்பா?”

என் ஓர்ப்படி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“குனிஞ்சுதான் கழுவறியா?” என்று கேட்டாள்.

“குனிஞ்சுதான். ராத்திரி முதுகைத் தரையில வைக்க முடியாது. இப்ப இந்த மேடை வந்த பிறகுதான் வலி இல்ல.”

“சிங்க் யாரு பக்கம்?”

“என் பக்கம்.”

“அடுப்பு?”

“விடமாட்டாங்களே.”

“அப்ப கல்லை நடுவுல வெட்டறேன். சிங்க் பக்கம் உன் முழங்கை. அது இப்ப இருக்கிற இடத்திலேயே இருக்கும். அடுப்புப் பக்கம் அவங்க முழங்கை, கீழ இறங்கும். வெட்டும்போது கல்லு உடைஞ்சா ரெண்டு பேருக்கும் மேடை கிடையாது. சம்மதமா, சொல்லு.”

மருமகள் மூக்கை உறிஞ்சிவிட்டு வழிவிட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் இவள்.

அடுத்தது சாப்பாட்டம்மா. காலில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தாள். ரசமட்டம் டேப்போடு வருவதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கையைக் காட்டுங்கம்மா.”

“எதுக்கு?”

“மேடையை இறக்கப் போறேன். முழங்கை அளவு வேணும்.”

“அளக்க வேண்டிய அன்னிக்கு அளக்கல. இனிமே என்னைச் சவப்பெட்டிக்கு அளப்பாங்க, அப்ப வந்து டேப்பைப் பிடி.”

“உங்க முழங்கை இல்லாம நான் எப்படிக் கட்டறது?”

“அது உன் கவலை.”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எழுந்து நிற்கவும் முடியாது, முடிந்தாலும் நிற்கமாட்டாள். பழைய மேடையை இடித்த அடையாளமும் சுவரில் இல்லை. அதன்மேல் புதுப் பூச்சு பூசியிருந்தார்கள்.

என் ஓர்ப்படி கொல்லைப்புறம் போய் நின்றாள். கொடியில் சாப்பாட்டம்மாவின் நைட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒன்றை எடுத்து விரித்தாள். வயிற்றுக்கு நேரே குறுக்காக ஒரு பட்டை வெளுத்துக் கிடந்தது. இன்னொன்றை விரித்தாள். அதிலும் அதே இடத்தில். மேடையில் சாய்ந்து சாய்ந்து, ஈரம் பட்டுப் பட்டு, கல்லின் விளிம்பு துணியைத் தின்ற இடம். அடுப்பங்கரையில் நிற்கிற எவளுடைய நைட்டியிலும் அந்தப் பட்டை இருக்கும். என்னுடையதிலும் இருக்கிறது.

தோள் தையலிலிருந்து அந்தப் பட்டைவரை அளந்தாள். எல்லா நைட்டியையும் அளந்தாள். பிறகு மருமகளிடம் கேட்டாள். “உங்க மாமியார் நின்னா தோள் உனக்கு எங்க வரும்?”

மருமகள் யோசிக்கவே இல்லை. தன் கையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். “இங்க. இடிச்சுக்கிட்டே இருக்கும்.”

அந்த இடத்திலிருந்து தரைக்கு அளந்து, நைட்டி அளவைக் கழித்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். முழங்கை கிடைக்காவிட்டால் என்ன, கிழவி பழகிய பழைய மேடையின் உயரம் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். கல்லைச் சரித்து இறக்கி, வெட்டுவதற்குக் கொல்லைக்குக் கொண்டுபோக நீளமாக ஒரு பலகை வேண்டியிருந்தது. என் கட்டிலின் நடுப்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கேட்க வாயெடுத்த என்னைப் பிடித்துக் கல்லின் நான்காவது மூலையில் நிறுத்திவிட்டாள். “பேசாத. தூக்கு.” மருமகள் எதிர் மூலையில். அவ்வளவு கனம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

மேஸ்திரி கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். கல் உடையும் என்று வந்தவர். வெட்டும் மெஷினை என் ஓர்ப்படிதான் பிடித்தாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள் பிளம்பரம்மா. புழுதியில் யார் முகமும் தெரியவில்லை. கடைசி விரற்கடையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கல் இரண்டாகத்தான் பிரிந்தது. முனையில் மட்டும் ஒரு சில்லு தெறித்திருந்தது.

“முனை போச்சு,” என்றார் மேஸ்திரி.

“உன் முனை போறதுக்குள்ள இறங்கு,” என்றாள் பிளம்பரம்மா.

அடுப்புப் பக்கம் செங்கல்லைக் கோட்டுக்கு இறக்கிப் பாதிக் கல்லை வைத்தார்கள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. மறுபடி வைத்தாள். மறுபடியும் நின்றது. சீக்கிரம் இறுகுகிற சிமெண்ட் என்று பிளம்பரம்மா சொன்னாள், அதையும் விரலால் குத்திக் குத்திப் பார்த்தாள் இவள்.

திங்கட்கிழமை விடிந்ததும் சாப்பாட்டம்மா நொண்டிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தாள். ஓர்ப்படியும் பிளம்பரம்மாவும் அங்கே நின்றார்கள். என் கட்டில் பலகை அங்கே இருந்ததால் நானும் நின்றேன். கிழவி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வயிற்றைக் கல்லில் சாய்த்தாள். கை தானாகப் போய்க் கரண்டி இருக்கும் இடத்தைத் தொட்டது. பிறகு கையை நகர்த்தினாள். நடுவில் படிபோல ஏறும் இடத்தில் விரல் முட்டியது.

“இது என்ன?”

“அந்தப் பக்கம் உங்களுது. இந்தப் பக்கம் என்னுது,” என்றாள் மருமகள்.

“எல்லைக்கல்லு நட்டுட்டீங்க.”

“ஆமா.”

“அப்ப உன் பக்கத்து வெங்காயத் தோலு என் பக்கம் பறக்கக் கூடாது.”

“உங்க பக்கத்து எண்ணெய் என் பக்கம் தெறிக்காம இருந்தா சரி.”

அவ்வளவுதான் பேச்சு. அடுப்புப் பற்றியது. இந்தப் பக்கம் கத்தி ஓடியது, அந்தப் பக்கம் கரண்டி ஓடியது. மத்தியானம் பட்டறைக்குச் சாப்பாடு போனது, இன்றுவரை போகிறது. இரண்டு பேரும் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் மருமகளுக்கு முதுகுவலி இல்லை, கிழவி பலகைமேல் ஏறுவதில்லை.

சாப்பாட்டம்மா ஒரு நன்றி சொல்லவில்லை. முனை உடைந்த கல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முனை உடைந்திருப்பது உண்மைதான். என் ஓர்ப்படியும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சங்கத்தின் வழக்கத்தை மாற்றிவிட்டாள். இப்போதெல்லாம் யார் சமைக்கிறது என்று ஒருத்தியைக் கேட்பதில்லை. வீட்டில் இருக்கிற எல்லாரையும் ஒன்றாக நிற்கவைத்து, யார் நறுக்குவது, யார் கிண்டுவது, யார் கழுவுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். பல வீடுகளில் அப்போதே சண்டை பிடித்துக்கொள்கிறது. செங்கல் வைத்த பிறகு வருவதைவிட முன்னால் வருவது மேல் என்கிறாள். போன மாதம் ஒரு வீட்டில், நான்தான் கழுவுகிறேன் என்று ஒரு ஆள் கையை நீட்டினானாம். அவன் மனைவி சிரித்த சிரிப்பில் அளவு எடுக்க முடியாமல் திரும்பி வந்தார்கள்.

கொட்டகையில் ஆள் போதவில்லை. கல் தூக்கும்போது எப்போதும் ஒரு மூலைக்குக் கை குறைகிறது, அந்த மூலைக்கு என்னை இழுக்கிறார்கள். உங்களுக்கு வேலை தெரியாவிட்டால் பரவாயில்லை, கற்றுக்கொடுப்பார்கள், திட்டித்தான் கற்றுக்கொடுப்பார்கள். மரக்கடைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு தடவை போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு மேடையைப் பற்றிப் பேசப் போகிறீர்களானால், அடுப்புக்கு முன்னால் நிற்கிறவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். அவரை விட்டுவிட்டுப் போனால் என் ஓர்ப்படி உங்களை உட்காரக்கூடச் சொல்லமாட்டாள்.